அந்த 38 புள்ளி: சித்திரப் பாடத்தில் இன்னும் மனதை உறுத்தும் ஒரு பிள்ளை பற்றி எழுதுங்கள்

படுவான்கரை வாத்தியார்:

மூன்று கிழமையாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். தரம் 8, இரண்டாம் தவணைப் பரீட்சை, தலைப்பு ‘எங்கள் ஊர்த் திருவிழா’. என்ன வரும் என்று சித்திரம் படிப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும். நடுவில் கோபுரம், இரண்டு பக்கமும் தென்னை, தாளின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் வரிசையாக ஆட்கள், ஒரு பலூன்காரர். 31 தாளில் 30 அப்படித்தான் வந்தது.

ஒன்று மட்டும் வேறு. கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர். ஆனால் தேருக்குச் சில்லு இல்லை, ஆட்களுக்கு முகம் இல்லை. மேலிருந்து கீழ்வரை இரண்டு வடம், அவற்றை ஒட்டிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், இடையிடையே வட்டங்கள், மூலையில் பச்சையாக ஏதோ கிறுக்கல். மனித உருவம் இல்லை, அளவுப் பொருத்தம் இல்லை, தூரம் காட்டவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து 38 போட்டேன். இரவு பத்தரை மணி, இன்னும் இரண்டு வகுப்புக் கட்டு மிச்சம் இருந்தது.

தாளைக் கொடுத்த அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாக மடித்தான். பிறகு நாலாக மடித்தான். எனக்குப் பொறுக்கவில்லை, "மகன், ஆக்கள் எங்க?" என்றேன். "மரத்துக்கு மேல இருந்து பாத்தன் சேர். கீழ நிண்டா எனக்கு ஒண்டும் தெரியல்ல. மேல இருந்து இப்பிடித்தான் தெரிஞ்சிச்சு" என்றான். புள்ளிகள் தலைகள், வட்டங்கள் குடைகள். மூலையில் இருந்த பச்சை, அவன் ஏறியிருந்த மரத்தின் இலை.

முதலாம் தவணையில் அவன் கீறிய படம் என் அலுமாரியில் இருந்தது. குடிசை, தென்னை, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன். எங்கள் பக்கம் சூரியன் மட்டக்களப்பு வாவிக்கு மேலால்தான் எழும்பும். அந்தப் படத்துக்கு 72 கொடுத்திருக்கிறேன். எதையும் பார்க்காமல் கீறியதற்கு 72, முதன்முதலாகத் தன் கண்ணால் பார்த்துக் கீறியதற்கு 38. தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கிற தகப்பன் பிள்ளை சறுக்கிவிட்டான் என்றுதான் நினைப்பார்.

மருதமுனைத் தறி:

சேர், நான் மாணவியாக இருந்த பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள், ஆனாலும் அந்தச் சிவப்புப் பேனை மறக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது அலங்கார வடிவமைப்புக்கு ஒரு துணி மாதிரி கீறச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் தறி. வாப்பா சாறன் நெய்வார். சாறனின் இரண்டு தலைப்பையும் சேர்த்து மூட்டும்போது கட்டம் பொருந்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நெய்வார். நானும் அப்படியே இந்தக் கரையில் அரைக் கட்டம், அந்தக் கரையில் அரைக் கட்டம் விட்டுக் கீறினேன். இரண்டு நாள் இரவு குந்தியிருந்து கட்டம் கட்டமாக எண்ணி நிறம் வைத்தேன்.

ரீச்சர் படத்துக்கு மேலேயே சிவப்பால் ‘முழுமையில்லை’ என்று எழுதினார். ஓரத்தில் கட்டம் பாதியில் நிற்கிறதாம். நான் தாளைக் குழாய் மாதிரிச் சுருட்டி, இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாவதைக் காட்டத்தான் எழும்பினேன். சுருட்டி முடிக்கும் முன்னே அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். சுருட்டிய தாளோடு அப்படியே நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வாப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டவேயில்லை.

ஓய்வுபெற்ற ஆலோசகர்:

தம்பி படுவான்கரை, மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் 38 பிழை என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண தரத்தில் தாள் திருத்துகிறவருக்குப் பிள்ளை தெரியாது, சுட்டெண் மட்டும்தான் தெரியும். மரத்தில் ஏறின கதையை அவருக்கு யார் சொல்வது? தாளில் தெரிகிறதுக்குத்தான் புள்ளி. பிள்ளைகளின் சித்திர வளர்ச்சிக்கு லோவன்ஃபெல்ட் வகுத்த வயதுப் படிநிலைகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 13 வயதுப் பிள்ளை உருவத்தையும் தூரத்தையும் காட்ட முயல வேண்டும்.

எனக்கும் ஒன்று நடந்தது. ஒரு பையன் தன் படத்தைப் பற்றி அழகாக விளக்கினான், மனம் இளகி ஐந்து புள்ளி கூட்டினேன். அதே வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை. அதன் தாய் வந்து, "கதைக்கத் தெரிஞ்சாத்தான் புள்ளியா சேர்?" என்று கேட்டா. பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே இளம் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். கணிப்பீடு வேறு, மதிப்பீடு வேறு. பிள்ளை கீறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கவனிப்பது கணிப்பீடு, கடைசியில் தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. நம்மில் பலர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதைப் பதிவேட்டில் நிரப்புகிறோம். படம் தொடங்க முன்பே எதைப் பார்க்கப்போகிறேன் என்று கரும்பலகையில் எழுதிவிடுங்கள், நாலுக்கு மேல் வேண்டாம். பிள்ளையின் முதல் பென்சில் கோட்டுப் படத்தை எறிய விடாதீர்கள், பின்னால் திகதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு பொருளைக் கீறவையுங்கள், உதாரணமாகப் பாடசாலைத் தண்ணீர்க் குழாய். அதே குழாயை வருட முடிவில் திரும்பக் கீறவையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முன்னேற்றம் எங்கே என்று பெற்றோருக்குக்கூடத் தெரியும். படத்துக்கு மேல் எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். மருதமுனைத் தங்கை சொன்னதை வாசித்து நெஞ்சு சுட்டது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். இன்னொன்று, பிள்ளையையே பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: நான் எதைக் காட்ட முயன்றேன், எது சரிவரவில்லை. வாய் திறக்காத பிள்ளையும் எழுதும்.

கல்லடி மிஸ்:

ஐயா சொல்கிற நாலு அளவுகோலும் நல்லதுதான். ஆனால் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் படத்துக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை.

2005, சுனாமிக்குப் பிறகு வந்த முதல் தவணை. நான் அப்போது புதிய ஆசிரியை. வினாத்தாள் வெளியில் இருந்து வந்தது, அதில் ‘கடற்கரைக் காட்சி’ என்று ஒரு தலைப்பு. யார் போட்டார்களோ, யோசிக்காமல் போட்டிருக்கிறார்கள். தரம் 7 பிள்ளை ஒன்று, வீடு கடலோர நாவலடியில் இருந்தது. தலைப்பை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு ஒரு வீட்டின் உள்பக்கத்தைக் கீறியிருந்தாள். அடுப்படி, குடம், சாமிப்படம், சுவரில் சாத்திய அண்ணனின் சைக்கிள், கொடியில் துவாய். கடல் எங்கும் இல்லை. சைக்கிளின் மணிகூட விடுபடவில்லை.

புள்ளி நிரலில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். வெறுமையாக விடக்கூடாது என்று அலுவலகத்தில் திருப்பித் தந்தார்கள். 50 போட்டேன். தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்பதெண்டா பாதியா மிஸ்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மீதிப் பாதி என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் 50 என்று எழுத வரும்போது கை கொஞ்சம் நிற்கும்.

கரித்துண்டு:

ஆலோசகர் ஐயாவுக்கு. அளவுகோலை முதலே கரும்பலகையில் எழுதினால் நியாயம் வந்துவிடும் என்கிறீர்கள். நான் எழுதினேன். ‘வர்ணப் பிரயோகம் – 20’ என்று என் கையாலேயே எழுதினேன். 2022, எல்லாச் சாமானும் விலை ஏறிய வருடம், வாகரைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. பேஸ்டல் பெட்டி வைத்திருந்தது வகுப்பில் நாலு பிள்ளை.

ஒரு பையன் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, பூவரசம் இலை மூன்றையும் கொண்டுவந்து தோணி ஒன்றைக் கீறினான். கண்டல் மரத்துக்குப் பச்சை வேண்டும் என்று இலையைத் தேய்த்துத் தேய்த்து, அந்த இடத்தில் தாளே ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டைக்குப் பின்னால் இன்னொரு இலையை வைத்துச் சோற்றால் ஒட்டியிருந்தான். நான் ‘சுத்தமில்லை’ என்று 20க்கு 6 போட்டேன். அளவுகோலின்படி சரியான புள்ளி அது, பிள்ளையின்படி பிழையான புள்ளி. இப்போது என் வகுப்பில் நிறப்பெட்டி மேசையில் பொதுவாக இருக்கும், யாரும் எடுக்கலாம். அதற்குப் பிறகுதான் வர்ணத்துக்குப் புள்ளி போட எனக்கு உரிமை வந்தது என்று நினைக்கிறேன்.

கல்வியியற் கல்லூரி மாணவி:

எனக்கு இன்னும் பெரிய அனுபவம் இல்லை, கற்பித்தல் பயிற்சிக்குப் போன ஒன்பது கிழமை மட்டும்தான். ஆனால் ஐயா லோவன்ஃபெல்டைச் சொன்னதால் எழுதுகிறேன். அடியில் ஒரு கோடு கீறி அதன்மேல் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவது 7–9 வயதுக்கு உரியது என்றுதான் அவர் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் அந்த 30 பிள்ளைகளின் படம்தான் வயதுக்குப் பின்னால் நிற்கிறது. மரத்தில் ஏறிய தம்பி ஒரே இடத்தில் கண்ணை வைத்து, அங்கிருந்து தெரிந்ததை மட்டும் கீறியிருக்கிறார். தூரக்காட்சி என்று நாம் படிப்பிக்கிறது அதுதானே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் உள்ள தெகல்தொருவ விகாரைச் சுவரோவியங்களில் தூரக்காட்சி இல்லை, நிழல் இல்லை, ஒரே வரிசையில் கதை தொடர்ந்து ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அது கண்டிக்காலத்துச் சிறப்பு என்று எழுதினால் புள்ளி கொடுக்கிறோம். அதே தட்டையான படத்தைப் பிள்ளை கீறினால் புள்ளி வெட்டுகிறோம். என் பயிற்சி வகுப்பில் ஒரு பிள்ளை இதை என்னிடமே கேட்டது, "அவங்க கீறினாச் சரி, நாங்க கீறினாப் பிழையா மிஸ்?" என்று. மேற்பார்வைக்கு வந்தவர் பின்வாங்கில் இருந்ததால், பாடத்தைக் கவனி என்று சொல்லி இருத்திவிட்டேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற ஆலோசகர்:

மகள், அடிக்கோடு பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் அதைக் கவனிக்கவில்லை. சாதாரண தரத்தில் தாள்தான் பேசும் என்பதை மட்டும் இன்னும் விடமாட்டேன். தரம் 8இல் தாளோடு பிள்ளையும் பேசலாம், அதற்கு இடம் இருக்கிறது.

மருதமுனைத் தறி:

படுவான்கரை சேர், அந்தத் தேர்ப் படம் இப்போது யாரிடம் இருக்கிறது?

படுவான்கரை வாத்தியார்:

அவனிடம்தான். நேற்று இரண்டு படத்தையும் மேசையில் வைத்து, "இதில எது உன்ர படம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, தேரில் கையை வைத்தான். மற்றது அண்ணாவின் கொப்பியைப் பார்த்துக் கீறினதாம். புள்ளியைத் திருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதிபர் பார்க்கிறேன் என்றார். படத்தின் பின்னால் பென்சிலால் ‘மரத்திலிருந்து பார்த்தது’ என்று அவனையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, நாலாக மடித்த மடிப்புப் போகுமா சேர் என்று கேட்டான். இரண்டு பெரிய கொப்பிக்கு நடுவில் வைத்துப் பார் என்று கொடுத்து அனுப்பினேன்.