கடல் மின்சாரத்துக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

வணக்கம் அண்ணா, அக்கா. சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். படிவம் 6 படிக்கும் மகள் பள்ளி ஆய்வுக்குக் கடல் மின்சாரத்தை எடுத்திருக்கிறாள். (சுற்றிலும் செம்பனை. கடலைப் பார்க்கவே லூமுட் வரை போக வேண்டும், இவளுக்கு இந்தத் தலைப்பு!)

மலேசியாவின் 2011 புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தைப் புரட்டினோம். அதில் சூரிய ஒளி, உயிர்வாயு, உயிர்ப்பொருள், சிறு நீர்மின்சாரத்துக்கெல்லாம் நிலையான கொள்முதல் விலை வைத்திருந்தார்கள். கடல் அலைக்கும் ஏற்றவற்றத்துக்கும் இல்லை. அதே 2011-இல் தென்கொரியா சிஹ்வாவில் 254 மெகாவாட் ஏற்றவற்ற மின் நிலையத்தையே ஓடவிட்டது.

சரி, கேள்வி இதுதான்: நம் கடலில் டர்பைன் இறக்க அனுமதி தருவது கூட்டரசா, மாநிலமா? செடா (நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம்), மீன்வளத்துறை, கடல்துறை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மலாய் ஆவணம் என்றாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டுமாம்.