சைட்: தேடலில் பாதிப் பக்கங்களைக் காணோம். இண்டெக்ஸ் ஆனதா (தேடுபொறியின் பட்டியலில் சேர்ந்ததா) என்று உறுதியாகப் பார்ப்பது எப்படி?

கூழாங்கல்:
வணக்கம். வேர்ட்பிரஸில் ஒரு தமிழ்ச் சமையல் தளம். சைட்மேப்பில் (தேடுபொறிக்குத் தரும் பக்க முகவரிப் பட்டியலில்) 640 முகவரிகள் இருக்கின்றன. கூகுளில் சைட்: (ஒரு தளத்தின் பக்கங்களை மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை) போட்டுத் தேடினால் சுமார் 210 என்கிறது, மறுநாள் வேறு எண் காட்டுகிறது. எதை நம்புவது? கூகுள் சேமித்த பக்க நகலைக் காட்டிய கேஷ்: கட்டளையும் இப்போது வேலை செய்வதில்லை. மொத்தமாகப் பார்க்க வழி உண்டா? பிங்கிலும் பார்க்க வேண்டும்.

தறிநூல்:
சைட்: காட்டும் எண் தோராயம்தான். இண்டெக்ஸில் உள்ள எல்லாப் பக்கங்களையும் அது காட்டும் என்று கூகுளே உறுதி சொல்வதில்லை. அதில் வராததால் பக்கம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேஷ்: வசதியை 2024-ல் எடுத்துவிட்டார்கள்.

சரியான இடம் சர்ச் கன்சோல், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி. இண்டெக்ஸிங் பகுதியில் பேஜஸ் அறிக்கையைத் திறந்து, மேலே உள்ள வடிகட்டியில் சைட்மேப்பில் கொடுத்த பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் 640-ல் எத்தனை உள்ளே, எத்தனை வெளியே, என்ன காரணம் என்று பிரித்துக் காட்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் 1,000 முகவரிகள் வரைதான் பட்டியல் வரும், உங்களுக்கு அது போதும். அறிக்கை சில நாள் பின்தங்கியே இருக்கும்.

தனிப் பக்கத்துக்கு மேலே உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் பெட்டி. அங்கே 'லைவ் டெஸ்ட்' பச்சை காட்டினால் பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது 'இப்போது சேர்க்கத் தடை இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. சேர்ந்ததா என்பது முதலில் வரும் முடிவில்தான் இருக்கும்.

உப்பளம்:
எண்ணிக்கையைவிடக் காரணத்தைப் பாருங்கள், அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

'டிஸ்கவர்ட், நாட் இண்டெக்ஸ்ட்' என்றால் முகவரி தெரியும், இன்னும் பக்கத்தை எடுக்க வரவில்லை. அந்தப் பக்கத்துக்குத் தளத்துக்குள் இணைப்பு இருக்கிறதா, சர்வர் மெதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். 'க்ரால்ட், நாட் இண்டெக்ஸ்ட்' வேறு விஷயம்: எடுத்துப் படித்துவிட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டது. இதற்கு 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்'கைத் திரும்பத் திரும்ப அமுக்குவதில் பயனில்லை. நாலு வரிக் குறிப்புகளையும் வெறும் டேக் பக்கங்களையும் சைட்மேப்பிலிருந்து எடுங்கள், அல்லது பக்கத்தை நிறைவாக எழுதுங்கள்.

நோஇண்டெக்ஸ் ('பட்டியலில் சேர்க்காதே' என்ற குறிப்பு) என்று வந்தால் வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் டிக் இருக்கிறதா பாருங்கள். சோதனைத் தளத்திலிருந்து மாற்றும்போது அப்படியே வந்துவிடும். பக்க மூலத்தில் எதுவும் தெரியாவிட்டால் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடரில் அதே குறிப்பு எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கத்தை நீக்க நினைத்து ரோபோட்ஸ் கோப்பில் தேடுபொறியின் வரவைத் தடுப்பது, நோஇண்டெக்ஸும் போடுவது, இரண்டையும் சேர்த்துச் செய்யவே கூடாது. உள்ளே வர முடியாத பாட் (பக்கங்களை எடுக்க வரும் நிரல்), நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? வெளி இணைப்புகள் வழியே அந்த முகவரி விளக்கம் இல்லாமல் தேடலில் நிற்கலாம்.

மழைத்தாள்:
தமிழ் முகவரி என்றால் இன்னொன்று. வேர்ட்பிரஸ் ஸ்லக்கை (முகவரியின் கடைசிப் பகுதியை) %E0 போன்ற குறியீடாக்கி 200 எழுத்துக்குள் சேமிக்கிறது. தமிழில் ஒரு யூனிகோட் குறிக்கு 9 இடம் போகும், ஆக 22 குறிகள்தான். புள்ளியும் துணைக்கால்களும் தனிக் குறிகள். 'வெண்டைக்காய் வத்தக்குழம்பு' என்பது 'வத்தக்குழம' என்று அறுந்து நிற்கும். அதே தொடக்கத்தில் 'செட்டிநாடு முறை' என்று இன்னொரு குறிப்பு போட்டால், அறுந்த அதே ஸ்லக்கில் இன்னும் ஒரு குறி குறைந்து '-2' ஒட்டும். ஸ்லக்கைக் கையால் சுருக்குங்கள். ஏற்கெனவே வெளியானதை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தரமாகத் திருப்பி விடுதல்) வேண்டும்.

யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியில் முகவரியைத் தட்டச்சு செய்யாதீர்கள், சைட்மேப்பிலிருந்து நகலெடுங்கள். 'ொ' ஒரே குறியாகவும், 'ெ' 'ா' என இரண்டு குறிகளாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுதான், முகவரி வேறு. கூகுளுக்குத் தெரியாத பக்கம் என்று பதில் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கூழாங்கல்:
மிக்க நன்றி. 640-ஐயும் ஒரே மூச்சில் சோதிக்க முடியுமா?

தறிநூல்:
முடியும். யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் ஏபிஐ (நிரல் வழியே கேட்கும் வசதி) 2022 முதல் இருக்கிறது. ஒரு தளத்துக்கு நாளொன்றுக்கு 2,000 கேள்விகள், நிமிடத்துக்கு 600. நிலை, கடைசியாக க்ரால் செய்த (வந்து படித்த) நேரம், கூகுள் தேர்ந்த கேனானிக்கல் (ஒரே மாதிரிப் பக்கங்களில் முதன்மையாகக் கொள்ளும் முகவரி) மூன்றையும் ஷீட்டில் இறக்குங்கள். கேனானிக்கல் உங்களுடையதோடு பொருந்தாத வரிகளை முதலில் கவனியுங்கள். இண்டெக்ஸிங் ஏபிஐ என்று வேறொன்று உண்டு, அது வேலைவாய்ப்பு, நேரலைப் பக்கங்களுக்கு மட்டும். சமையல் தளத்துக்கு வேண்டாம்.

பிங்குக்கு வெப்மாஸ்டர் டூல்ஸ். சர்ச் கன்சோலிலிருந்தே தளத்தை இறக்குமதி செய்யலாம், அங்கேயும் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. புதுப் பக்கங்களைத் தெரிவிக்க இண்டெக்ஸ்நவ் என்ற அறிவிப்பு முறை பயன்படும், ஆனால் கூகுள் அதை ஏற்பதில்லை. அதில் 200 என்று பதில் வந்தால் முகவரி போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். சேர்த்தார்களா என்பதைத் திரும்ப வெப்மாஸ்டர் டூல்ஸில்தான் பார்க்க வேண்டும்.