தீவனத்தில் மருந்தை நிறுத்தினால் பால் மறந்த குட்டிகளுக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: நிபோங் திபால் தம்பி

அனைவருக்கும் வணக்கம். நிபோங் திபாலுக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையில், பால் மறந்த குட்டிகளின் கொட்டகை என் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து குட்டித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கக் கூடாது என்று தவுக்கே (முதலாளி) சொல்லிவிட்டார். இறைச்சி எடுப்பவர்கள் கேட்கிறார்களாம். எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது.

மூன்று வாரத்தில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம். நான்காம், ஐந்தாம் நாளில் வால் நனைந்து, பின்தொடையெல்லாம் மஞ்சள் நீராகக் கழிகிறது. மருந்து இருக்கும்போதே இப்படித்தான். தீவன வியாபாரி ஓரிகானோ எண்ணெய், அமிலப் பொடி, ஈஸ்ட், நல்ல நுண்ணுயிர்ப் பொடி என்று வரிசையாகக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எதற்குக் காசு கொடுப்பது? வீட்டுப் பூண்டும் மஞ்சளும் போதாதா? செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு இங்கே மலிவு. அதையும் சேர்க்கலாமா?

பாரிட் புந்தார்க்காரன்

எங்கள் தாத்தா லயத்துக்குப் பின்னால் பன்றி வளர்த்தபோது பூண்டையும் மஞ்சளையும் இடித்துக் கஞ்சியில் கலந்துதான் கொடுத்தார். ஊசி, மருந்து எதுவும் கிடையாது. அதையே செய்யுங்கள் தம்பி.

சுங்கை பாக்காப் அக்கா

தாத்தா வளர்த்த குட்டிகள் தாயிடம் இரண்டு மாதம் பால் குடித்திருக்கும், அண்ணன். மூன்று வாரத்தில் பிரிக்கும் குட்டியின் கதை வேறு.

தம்பி, நான் பல வருடங்களாகக் குட்டிக் கொட்டகையில் வேலை செய்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன்: இரவில், மழை விட்ட பிறகு, கொட்டகைக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஊர் வெயிலை நினைத்து, இங்கே குட்டிக்குக் குளிராது என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். பிரித்த முதல் வாரம் குட்டிக்கு 28 முதல் 30 பாகை வெப்பம் வேண்டும். ஈரத் தரையில் காற்று அடிக்கும் விடியற்காலையில் அது 23, 24க்கு இறங்கிவிடும். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். பக்கம் பக்கமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தால் சரி. குவியலாகக் கிடக்கும் கொட்டகையில் எந்தப் பொடியைப் போட்டாலும் காசு தண்டம். கீழ்க்காற்றைப் பலகை வைத்து அடையுங்கள், விளக்கு போடுங்கள், தரையைக் காய வைத்த பிறகே குட்டியை இறக்குங்கள்.

அடுத்து, தண்ணீர்க் குழாய். முனையை அழுத்தி ஓர் அரை லிட்டர் போத்தலைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைய வேண்டும். தண்ணீர் குடிக்காத குட்டி தீவனத்தைத் தொடாது. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் குடலின் உள்சுவரே தேய்ந்துவிடும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும், அப்போதுதான் கழிச்சல் பிடிக்கிறது. முதல் சில நாள்கள் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போடுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட பொடிகள். எனக்கு ஒன்றுக்கு மட்டும்தான் காசு தருவார்கள் என்றால் அமிலத்தைத்தான் வாங்குவேன். தாய்ப்பால் குடிக்கும்வரை பாலிலுள்ள சர்க்கரை வயிற்றில் புளித்து, அந்தப் புளிப்பு கிருமியை அடக்கி வைக்கிறது. பிரித்தவுடன் அது நின்றுபோகிறது. குட்டியின் வயிறு தானாகப் போதிய அமிலம் சுரக்க இன்னும் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலி கிருமி புகுந்துகொள்கிறது. ஃபார்மிக், லாக்டிக், சிட்ரிக், பென்சாயிக் அமிலங்கள் அந்த இடைவெளியை அடைக்கின்றன. தண்ணீரில் கலந்தால், புளிப்பைக் காட்டும் பி.எச். எண்ணை 4 அளவில் நிறுத்துங்கள். அதைவிடப் புளித்தால் குட்டி குடிக்காது. சோதனைத்தாள் வாங்கிப் பார்த்துக் கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ரப்பர் பால் உறைய ஊற்றுகிறோமே, கடையில் சுக்கா கெத்தா என்று விற்கும் அதுவும் ஃபார்மிக் அமிலம்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். கையையும் கண்ணையும் சுட்டுவிடும். தீவனத்துக்கென்று தயாரித்ததையே வாங்குங்கள்.

தீவனக்காரரிடம் இன்னும் இரண்டு கேளுங்கள்: முதல் இரண்டு வாரத் தீவனத்தில் சுண்ணாம்புத்தூள் எவ்வளவு, புரதம் எவ்வளவு? சுண்ணாம்புத்தூள் அமிலத்தைத் தின்றுவிடும். ஒரு கையால் அமிலம் போட்டு, மறுகையால் அதை அழிப்பதில் என்ன பயன்? புரதத்தை 18 விழுக்காட்டளவுக்கு இறக்கி, லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால் செரிக்காத மிச்சம் பின்குடலில் அழுகுவது குறையும். இதற்குப் பொடி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஓரிகானோ எண்ணெயில் வேலை செய்வது கார்வக்ராலும் தைமாலும். தைமால் நம் ஓமத்திலேயே நிறைய இருக்கிறது. குழந்தைக்கு வயிறு பொருமினால் ஓமத் தண்ணீர் கொடுத்தார்களே, காரணம் இல்லாமலா? ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 விழுக்காடு, அதில் ஏறத்தாழப் பாதி தைமால். கிலோ தீவனத்துக்கு ஐந்து கிராம் ஓமப்பொடி போட்டால் தைமால் 50 முதல் 100 மில்லிகிராம் சேரும். விற்பனை எண்ணெய்ப் பொடிகளும் அந்தச் சுற்றளவில்தான் இருக்கும். அன்றன்று அரையுங்கள். அரைக்கும்போது மூக்கில் ஏறும் அந்த நெடிதான் மருந்து, மூட்டையில் கிடந்தால் பறந்துவிடும். ஓமம் விதைக்கு விதை மாறும் என்பதால் இதைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூண்டைச் சிறிதாகப் போடலாம். அளவு மீறினால் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், வாடையால் தீவனமும் மிஞ்சும். நுண்ணுயிர்ப் பொடியில் பாசிலஸ் வகையைக் கேளுங்கள். அதன் வித்துகள் உருண்டைத் தீவனம் செய்யும் சூட்டைத் தாங்கும், லாக்டோபாசிலஸ் பெரும்பாலும் தாங்காது.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு குட்டிக்கு வேண்டாம். நார் மிகுதி, அதிலுள்ள மானன் என்ற நார்ப்பொருள் செரிக்காது, ஓட்டுத் துணுக்கு வேறு குத்தும். வளர்ந்த பன்றிக்கு அளவாகப் போடலாம்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்

அக்கா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். ஏன் நிறுத்துகிறோம் என்பதையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் மற்ற மருந்துகள் கைவிட்டபின் மனிதருக்குக் கொடுப்பது கோலிஸ்டின். கிருமிகள் அந்த மருந்துக்கு மசியாமல் செய்யும் எம்.சி.ஆர்-1 மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் மனிதரிடமும் கண்டதாக 2015இல் வெளியானது. மலேசியா 2019 ஜனவரி 1 முதல் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006இலேயே நிறுத்தியது. குட்டிகளின் கழிச்சலைத் தடுக்க மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு போடுவதை 2022 ஜூனில் நிறுத்தியது, ஏனென்றால் துத்தநாகம் சாணத்தோடு மண்ணில் தங்கிவிடுகிறது.

டென்மார்க்கில் குட்டித் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்திய புதிதில் கழிச்சலுக்கான சிகிச்சை கூடியது. ஆகவே உங்கள் கொட்டகையிலும் முதல் சில தொகுதிகள் தடுமாறலாம், தவுக்கேயிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். முடிந்தால் பிரிக்கும் நாளை நான்கு வாரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

கண் குழிந்து, எழ முடியாமல் கிடக்கும் குட்டிக்கு ஓமம் போதாது. தனியே பிரித்து உப்பும் குளுக்கோசும் கலந்த நீர் கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோய்க்கு மருந்து கொடுப்பது குற்றமில்லை. எந்தக் கூண்டு, என்ன மருந்து, எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று எழுதிவையுங்கள்.

நிபோங் திபால் தம்பி

மிக்க நன்றி அக்கா, ஐயா. போத்தலைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டு குழாயில் பாதிகூட நிறையவில்லை. கழற்றினால் உள்ளே துருவும் பாசியும். அமிலத்தையும் ஓமத்தையும் ஒன்றாகவே தொடங்கலாமா?

சுங்கை பாக்காப் அக்கா

அமிலத்தை எல்லாக் கூண்டுக்கும் கொடுங்கள். ஓமத்தைப் பாதிக் கூண்டுக்கு மட்டும் போடுங்கள். தாயோடு இருக்கும்போதே பழகு தீவனத்தில் சிட்டிகை சேர்த்தால் நெடி பழகிவிடும். பிரிக்கும் அன்றும், இரண்டு வாரம் கழித்தும் எடை போட்டு, நனைந்த வாலைக் கூண்டு வாரியாக எண்ணுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் ஓமத்துக்கு ஆகும் காசை விளக்குக்கும் பலகைக்கும் போடச் சொல்லித் தவுக்கேயிடம் கேளுங்கள். எடைக் கணக்கை இங்கே போடுங்கள் தம்பி, நானும் பார்க்க வேண்டும்.