இன், இம், இல், இர்: எங்கே எது வரும்?

தக்கலை_படிப்பாளி: எஸ்எஸ்சி (மத்திய அரசு வேலைக்கான) தேர்வுக்கு இங்கிலீஷ் படிக்கிறேன். இன்கரெக்ட், இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாத்துலயும் முன்னால ஒட்டுறதுக்கு 'இல்லை'ங்கிற அர்த்தம்தான். ஏன் நாலு விதம்? ஸ்பெல்லிங்ல ஒரு 'எல்'லா, ரெண்டு 'எல்'லான்னு தடுமாறுது. மனப்பாடம் பண்ணாம வழி உண்டா?

பார்வதிபுரம்: நாலும் லத்தீன் 'இன்' ஒண்ணுதான். மரம்+கள் 'மரங்கள்' ஆகுதுல்லா, அதே கதை. அடுத்து வர்ற எழுத்து உதடு ஒட்டுறதா இருந்தா இம். எல் வந்தா இல், ஆர் வந்தா இர். மத்தபடி பெரும்பாலும் இன்.

ஸ்பெல்லிங்குக்கு முன்னொட்டைப் பிரிச்சு எழுதுங்க. லீகல்ல ஒரு எல், முன்னொட்டுல ஒண்ணு, ஆக ரெண்டு. இம்மெச்சூருக்கும் அப்படியே ரெண்டு எம். இம்பாசிபிள்ல அடுத்த எழுத்து 'பி'ங்கிறதால ஒரு எம்தான்.

'அன்' லத்தீன் இல்ல, பழைய ஆங்கிலம். அது எதுக்கும் மசியாது: அன்லக்கி, அன்ரியல். இன்புட், இன்லெட்ல இருக்கிற 'இன்'னும் ஆங்கிலத்துக்குச் சொந்தம், அதான் மாறல.

குழித்துறை_டீச்சர்: பரீட்சையில வழுக்கி விடுறது லத்தீன்லயே இன்னொரு 'இன்'. அதுக்கு 'உள்ளே' என்று பொருள். இம்போர்ட், இன்ஹேல் எல்லாம் அந்த வகை. பெட்ரோல் டேங்கர் பின்னால 'ஹைலி இன்ஃபிளேமபிள்'னு எழுதியிருக்குமே, எளிதில் தீப்பிடிக்கும்னு அர்த்தம். 'எரியாதது'ன்னு டிக் அடிச்சா மார்க் போச்சு, அதுக்கு நான்ஃபிளேமபிள். இன்வேல்யுபிள்ல வர்றது மறுக்கிற 'இன்'தான், ஆனா மதிப்பில்லாததுன்னு எடுக்காதீங்க. மதிப்புப் போட முடியாத அளவுக்கு உயர்ந்தது.

பார்வதிபுரம்: டீச்சர் சொன்னது சரி. 'அட்', 'கான்', 'சப்'னு வேற மூணு லத்தீன் முன்னொட்டும் அடுத்த எழுத்துக்கு ஏத்தபடி இப்படித்தான் உருமாறும். சப்: சக்சஸ், சஃபர், சப்போர்ட். கான்: கலெக்ட், கரெக்ட். அக்காமடேட்ல 'அட்', 'கான்' ரெண்டுமே ஒட்டியிருக்கு. முதலாவது ரெண்டு சி-யையும் அடுத்தது ரெண்டு எம்-மையும் கொண்டுவருது. பாதிப் பேர் ஒரு எம்மை விட்டுடுவாங்க.

தக்கலை_படிப்பாளி: இம்மீடியட்? மீடியட்னா என்ன அண்ணாச்சி?

பார்வதிபுரம்: 'மீடியஸ்'னா லத்தீன்ல நடு. நடுவுல எதுவும் இல்லாம உடனேங்கிறது அர்த்தம். ரெண்டு எம்.

மணவாளக்குறிச்சி: எல்லா 'இல்'லையும் பிரிச்சிராதீங்க மக்கா. நம்ம கடற்கரை மணல்ல எடுக்கிற இல்மனைட் ரஷ்யாவிலுள்ள இல்மென் மலையால வந்த பேரு. மிச்சம் நிக்கிறதுக்கு லத்தீன்ல அர்த்தம் இருக்கான்னு பார்த்துட்டுப் பிரிங்க.