மறு: முட்டையிடாமல் திரும்பிய ஆமைக்குப் பதிவேட்டில் என்ன சொல்?

தொகுப்பாளர்:
நண்பர்களுக்கு வணக்கம். கடலாமை முட்டையிடும் பருவத்தில் இரவு ரோந்து போகும் தன்னார்வலர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. ஆமை கரையேறி, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்புவதை ஆங்கிலத்தில் ஃபால்ஸ் க்ரால் என்கிறார்கள். வரைவில் ‘பொய்த்தவழ்வு’ என்று இருக்கிறது. சொல் பதிவேட்டுக் கட்டத்தில் அடங்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் படிப்பவருக்கும் சட்டென்று புரிய வேண்டும்.

தமிழாசிரியர்:
‘பொய்’ வேண்டாம். ஆமை உண்மையாகத்தான் தவழ்ந்தது. விடியற்காலையில் நம் கண்ணில் படுவதும் தவழ்வு அன்று, தடம். வெறுங்கை, வெறுங்கால் போல ‘வெறுந்தடம்’ என்போம்.

மொழிபெயர்ப்பாளர்:
மறுக்கிறேன் ஐயா. மழை பொய்த்தது என்கிறோமே, மழை யாரிடம் பொய் சொன்னது? எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதே அங்கே பொருள். பட்டினப்பாலையின் ‘வான்பொய்ப்பினும்’ நினைவுக்கு வரட்டும். ‘பொய்த்தடம்’ சரியான சொல்.
இன்னொன்று. கையேடு முழுக்கக் ‘குஞ்சு’ என்றே இருக்கிறது. பறப்பவற்றின் இளமைப் பெயர் பார்ப்பும் பிள்ளையும் என்று சொல்லிவிட்டு, ‘தவழ்பவை தாமும் அவற்றோ ரன்ன’ என்கிறது தொல்காப்பிய மரபியல். குறுந்தொகை 152இல் ‘யாமைப் பார்ப்பு’ என்றே வருகிறது. கையில் இருக்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

களப்பயிற்றுநர்:
பார்ப்பு அழகான சொல்தான். ஆனால் ‘பார்ப்பு வெளிவந்தால் விளக்கை அணை’ என்று எழுதினால் புதிதாக வருபவர் எதைப் பார்ப்பது என்று கேட்பார். குஞ்சே இருக்கட்டும்.
தடத்துக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். சில ஆமைகள் மேலேறி, அரைவட்டமாக வளைந்து, குழி தொடாமலே இறங்கிவிடும். சில குழி தோண்டுகையில் வேரோ கல்லோ தட்டினாலும், காய்ந்த மணல் சரிந்தாலும் பாதியில் விட்டுப் போகும். இரண்டாவதில் குழி மூடப்படாமல் திறந்தே கிடக்கும். முட்டையிட்ட ஆமையோ முன்துடுப்பால் மணலை வாரி இறைத்து, தான் ஏறிவந்த தடத்தின் மேலேயே கொட்டியிருக்கும்.
பங்குனி ஆமையிடம்தான் (ஆலிவ் ரிட்லி) ஏமாறுவோம். எடை குறைவு, உடல்குழி (முட்டைக்குழி தோண்டுமுன் உடல் படிய ஆமை செய்யும் பள்ளம்) ஆழமில்லை, காற்றடித்தால் அடையாளம் போய்விடும். கூடு இல்லை என்று விட்டால் நாய் தோண்டும். இருக்கிறது என்று கம்பியால் குத்தித் தேடினால் முட்டை உடையும். கசிவுக்கு எறும்பும் நண்டும் வரும், பக்கத்து முட்டைகளும் கெடும்.
ஏறுதடம், இறங்குதடம் என்ற சொற்களையும் சேருங்கள். துடுப்பு மணலைப் பின்னால்தான் தள்ளும், அதை வைத்துத் திசை அறியலாம். இரண்டும் குறுக்கிட்டால் மேலே கிடப்பது இறங்குதடம். குறித்து முடித்ததும் தடத்தின் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குழு அதையே மீண்டும் எண்ணும்.

இன்னொரு உறுப்பினர்:
வெறுமையும் வறுமையும் ஒரே வேர் என்பது என் கருத்து. ‘வறுந்தடம்’ இன்னும் செறிவானது.

தமிழாசிரியர்:
‘வறிது சிறிதாகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். வறுந்தடம் சிறிய தடம் ஆகிவிடும். தடத்தின் அகலத்தைத் தனியே அளக்கிற பதிவேட்டில் அது குழப்பும்.

தொகுப்பாளர்:
நேரமில்லை. குழி தொடாமல் திரும்பியதற்கு வெறுந்தடம், குழியைப் பாதியில் விட்டதற்கு வெறுங்குழி: இரண்டுக்கும் ஆதரவு அதிகம். அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். பார்ப்பு அடைப்புக்குறிக்குள் ஒருமுறை வரும்.

மொழிபெயர்ப்பாளர்:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ‘வெறும்’ என்றாலே பொருட்படுத்த வேண்டாத ஒன்று என்றுதான் காதில் விழுகிறது. விளக்கு வெளிச்சத்தாலும் ஆள் நடமாட்டத்தாலும் ஒரு கரை கெடத் தொடங்கினால் இந்தத் தடங்கள்தான் முதலில் பெருகும். திரும்பிய ஆமை அன்றிரவோ அடுத்த இரவோ பக்கத்தில் மறுபடி ஏறக்கூடும், அங்கே காவல் வேண்டும். சொல்லை மாற்றாவிட்டாலும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஏன் திரும்பியது’ என்று ஒரு கட்டமாவது சேருங்கள்.