சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அசல் கரிமருந்தா, பைரோடெக்ஸா? ஒரே டப்பா போதுமா?

கொருக்குப்பேட்டை_கேட்:
டிசம்பர் கடைசில மச்சான் வீட்டுக்கு பென்சில்வேனியா போறேன். அவர்கிட்ட வாய் வழியா மருந்து போடுற துப்பாக்கி ரெண்டு இருக்கு, ரெண்டுமே 0.50 கேலிபர் (குழல் விட்டம் அரை இன்ச்). ஒண்ணு சிக்கிமுக்கிக் கல் வெச்சது, இன்னொண்ணு 209 பிரைமர் (அடிச்சா தீ கக்குற சின்ன மூடி) போடுற புது இன்லைன், அதாவது பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால உட்கார்ற ரகம். பக்கத்துக் கடைல கரிமருந்துக்கு மாற்றா விக்கிற பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் தவிர வேற இல்லயாம். "ஒரே டப்பாவ ரெண்டுக்கும் போட்டுக்கலாமே"ன்றார். நான் சுடப் போறதில்ல. ரேஞ்சுல கூட நின்னு லோடு பண்றது, கழுவுறது என் வேலை.
அளவு எடையிலயா, கொள்ளளவுலயா? வியாசர்பாடில தெரிஞ்ச லேத் பட்டறைல பித்தளை அளவுக் குப்பி கடைஞ்சு எடுத்துட்டுப் போலாமா?

பவுடர்மில்_ரோடு:
முதல்ல பூட்டை, அதாவது மருந்தைப் பத்த வைக்கிற அமைப்பைப் பாருங்க, அப்புறம் மருந்து. சிக்கிமுக்கியில் பொறி விழறது பூட்டு ஓரத்துல இருக்கிற திறந்த கிண்ணத்துல. அந்தப் பொறிக்கு அசல் கரிமருந்து உடனே பத்திக்கும். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் பத்திக்க அதைவிட நிறைய சூடு வேணும். கிண்ணத்துல போட்டா பெரும்பாலும் 'டிக்'னு சத்தம்தான் வரும். குழலுக்குள்ள போட்டாலும், பக்கத் துளை வழியா வர்ற சின்ன தீ நாக்கு அதை நம்பகமா பத்த வைக்காது. சில தடவை பத்தும், சில தடவை அரை செகண்ட் தாமதிச்சு வெடிக்கும். பத்தாம போறதைவிட அந்தத் தாமதம்தான் மோசம்.

இன்லைன்ல 209 பிரைமரோட தீ பெருசு, மாற்று மருந்து எதுவும் ஓடும். ஆனா பிளாக்ஹார்ன் 209னு ஒண்ணு விக்கிறாங்க, பேர்லயே பிரைமர் நம்பர் இருக்கு. அது அந்தப் பிரைமருக்கு மட்டும். சிக்கிமுக்கிலயோ, சாதா கேப்பு (209ஐவிட சின்ன தீ தர்ற பத்தவைப்பு மூடி) போடுற துப்பாக்கிலயோ போடக்கூடாது.

மச்சானோட கணக்கு இன்னொரு இடத்துலயும் இடிக்குது. பென்சில்வேனியாவுல கிறிஸ்துமஸ் கழிச்சு வாய் வழியா மருந்து போடுற துப்பாக்கிக்குன்னு வர்ற மான் சீசன் சிக்கிமுக்கிக்கு மட்டும்தான். மச்சான் வேட்டைக்குப் போனா, நீங்க போற நேரத்துல இன்லைன் பெரும்பாலும் அலமாரிலதான் இருக்கும். அதனால அசல் கரிமருந்து வாங்கியே ஆகணும்.

கடைல இல்லாததுக்குக் காரணம் தரத்துல இல்ல, சட்டத்துல. அங்க கரிமருந்து வெடிபொருள் வகை, கடைக்காரருக்குத் தனி லைசென்ஸ் வேணும். பைரோடெக்ஸ் மாதிரியானதை எரியும் திடப்பொருள் வகையில அனுப்பலாம், அதான் எல்லாக் கடைலயும் அது. ஆன்லைன்ல கரிமருந்து 1 பவுண்டு டப்பாவா கிடைக்கும். அபாயப் பொருள் கட்டணம் தனியா ஏறும், அதனால தெரிஞ்சவங்க சேர்ந்து வாங்குறதுதான் வழக்கம்.

எந்தப் பருமன்? 0.50 குழலுக்கு 2எஃப் (எஃப் நம்பர் ஏற ஏற மணி பொடிசாகும்). 3எஃப் போட்டா அளவைப் பத்து சதவீதம் குறைக்கணும். கிண்ணத்துக்கு 4எஃப், 2-3 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) போதும். நிறைய கொட்டி பக்கத் துளையை மூடிட்டீங்கன்னா திரி மாதிரி மெதுவா எரிஞ்சு உள்ள போகும், சுடுறவர் கை ஆடிடும். தீ பாயணும், ஊரக்கூடாது. காத்து ஈரமா இருந்தா கிண்ணத்து மருந்தை அடிக்கடி தட்டிட்டு மாத்துங்க.

லேத்_வியாசர்பாடி:
குப்பி மேட்டர் நம்ம ஏரியா. கேட்டுக்கோபா.
கொள்ளளவுதான். '70 கிரெய்ன்'னு சொல்றது கரிமருந்தோட கணக்குல 70. பைரோடெக்ஸ் அதே கொள்ளளவுக்கு 25-30 சதவீதம் லேசு. அதைத் தராசுல 70 வெச்சா குழல்ல ஏறக்குறைய 100 கிரெய்ன் அளவு போயிரும். டிரிபிள் செவனுக்கு கொள்ளளவுலயே 15 சதவீதம் குறை: 70க்கு பதில் 60.

கரிமருந்து ஒரு சி.சி. சுமார் ஒரு கிராம். 70 கிரெய்ன்னா 4.5 கிராம், அதாவது 4.5 சி.சி. 12 மி.மீ. ட்ரில்லுக்கு 40 மி.மீ. ஆழம். 60க்கு 34.5 மி.மீ. அடி தட்டையா இருக்கணும். ட்ரில் முனையோட கூம்பை அப்படியே விட்டா 2 கிரெய்ன் கூட வரும், ஆழத்துல அதைக் கழிச்சுக்க. மெடிக்கல்ல 5 மி.லி. சிரிஞ்சு வாங்கி 4.5 மி.லி. தண்ணி ஊத்து, விளிம்புல நிக்கணும். அங்க போனதும் மச்சானோட குப்பியோட ஒரு தடவ ஒத்துப் பாரு. ரெண்டு மருந்துக்கு ரெண்டு குப்பி, மேல நம்பர் குத்திடு. ஒரே குப்பில கோடு போட்டா ரேஞ்சுல குழம்பும்.
பித்தளை ஓகே, பொறி கிளம்பாது. ஆனா மருந்து தொட்ட குப்பியத் திரும்பி வரும்போது பைல வெக்காத. ஏர்போர்ட்ல துணி வெச்சுத் துடைச்சு மிஷின்ல போட்டா அலாரம் அடிக்கும். மருந்து, கேப்பு ரெண்டும் கைப்பைலயும் கூடாது, லக்கேஜ்லயும் கூடாது. குப்பிய அங்கயே வுட்டுட்டு வா.

கொருக்குப்பேட்டை_கேட்:
தேங்க்ஸ் தல. மருந்து வெச்சிருக்கிற ஃப்ளாஸ்க்லேர்ந்தே நேரா குழல்ல ஊத்துறத வீடியோல பாத்தேன், அப்பறம் குப்பி எதுக்கு?

பவுடர்மில்_ரோடு:
அதைச் செய்யவே கூடாது. முந்தின வெடில கனல் ஒண்ணு உள்ள மிச்சம் இருந்தா பத்துறது 70 கிரெய்ன் இல்ல, கைல இருக்கிற ஃப்ளாஸ்க் முழுசும். குப்பில எடு, ஃப்ளாஸ்கை மூடித் தள்ளி வை, அப்புறம் ஊத்து.

உண்டையைப் பத்தி யாரும் சொல்லல. 0.50 குழலுக்கு 0.490 இன்ச் உண்டை, அதைச் சுத்தி 0.015 இன்ச் கனத்துல பருத்தித் துணிவட்டம். பாலியெஸ்டர் உருகி குழல்ல ஒட்டும். துணிக்கு மெஷின் ஆயில் தடவாதீங்க, கரிமருந்துக் கசடோட சேர்ந்து தார் ஆயிடும். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் போதும். உண்டை மருந்து மேல உட்கார்ந்ததும் அதைத் தள்ளுற கம்பியில (ராம்ராட்) குழல் வாய் மட்டத்துக்குக் கோடு போடுங்க. அடுத்த தடவை கோடு வெளிய நின்னா உண்டை பாதி வழில இருக்குன்னு அர்த்தம். அந்த இடைவெளியோட சுட்டா குழல் வளையமா உப்பும். பத்தலைன்னா ஒரு நிமிஷமாவது குழலை இலக்குப் பக்கமே வெச்சிருங்க. புகையில்லா மருந்து, ஒரு சிட்டிகைகூட, இதுல வேண்டாம்.

எண்ணூர்_உப்புக்காத்து:
கழுவறதுல எல்லாரும் ஏமாறுற இடம்: 'மாற்று மருந்து துருப்பிடிக்காது'ன்ற பேச்சு. பைரோடெக்ஸ்ல பெர்குளோரேட் இருக்கு, எரிஞ்சதும் மிச்சம் உப்பு. நம்ம கடலோரத்துல சைக்கிள் செயின் என்ன ஆகுதோ அதேதான் அங்க குழலுக்கும். டிரிபிள் செவன்ல கந்தகம் இல்ல, நாத்தம் இல்ல. ஆனா மருந்து உட்கார்ற இடத்துல கண்ணாடி மாதிரி ஒரு வளையம் கட்டும். ஒவ்வொரு வெடிக்கும் ஈரத்துணி விட்டு எடுக்கலன்னா அடுத்த உண்டை அங்கயே சிக்கும். கரிமருந்துக்கு மூணு நாலு வெடிக்கு ஒருதரம் போதும்.

அன்னிக்கே கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு. பக்கத் துளையைக் குச்சியால அடைச்சு உள்ள ஊத்தி ஆட்டிக் கொட்டுங்க, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். கொதிக்கிற தண்ணி வேண்டாம், காயுறதுக்குள்ள செம்மண் கலர்ல மெல்லிசா துரு படரும். காய்ஞ்சதும் எண்ணெய். பிளாக்ஹார்னுக்குத் தண்ணி வேலை செய்யாது, சால்வென்ட்தான்.
மறுநாள் காலைல ஒரு துணி விட்டுப் பாருங்க. பழுப்பா வந்தா திரும்பவும் எண்ணெய். அடுத்த தடவை லோடு பண்றதுக்கு முன்னாடி அந்த எண்ணெயத் துடைச்சு எடுக்கணும், இல்லன்னா முதல் வெடியே பத்தாது.