வீட்டுத் தொட்டியில் ஒரு கீழடி

அக்கா சேலம்: கீழடி அருங்காட்சியகம் போய் வந்ததிலிருந்து சின்னவள் "நானும் தோண்டணும்" என்று ஒரே நச்சரிப்பு. சித்தி, டியூஷன் பிள்ளைகளுக்கு நீங்கள் டப்பில் செய்து காட்டிய அகழாய்வு விளையாட்டைக் கொஞ்சம் விவரமாகப் போடுங்களேன்

சித்தி மதுரை: பழைய பிளாஸ்டிக் டப் ஒன்று போதும் கண்ணு. அடியில் மணல், அதற்கு மேல் செம்மண், மேலே தோட்டத்து மண், ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து லேசாக அமுக்கிவிடு, இல்லையென்றால் தோண்டும்போது எல்லாம் கலந்துவிடும். கீழே போகப் போகப் பழசு என்று வரிசையாகப் பொருள்களைப் புதைத்துவிடு: அடியில் பானை ஓடு, சோழி. நடுவில் பாசிமணி, பழைய பத்து பைசா. மேலே பேனா மூடி, சாக்லேட் தாள்

மாமா திருச்சி: ஓட்டில் ஆணியால் பெயர் கீறி வையம்மா. கீழடியில் ஆதன், குவிரன் என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கீறின ஓடுகள் கிடைத்ததே, அது மாதிரி

அக்கா சேலம்: கண்ணில் பட்டதும் பிடுங்கிவிடுவாளே மாமா

சித்தி மதுரை: அதைத்தான் முதலில் பழக்க வேண்டும். டப் மேலே நூல் கட்டி நாலு கட்டமாகப் பிரி. கரண்டியால் மெதுவாகச் சுரண்டி, பெயிண்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளட்டும். ஏதாவது தலை காட்டினால் தொடக் கூடாது, போட்டோ எடுத்து, எந்தக் கட்டம், மேலிருந்து எத்தனை செ.மீ. என்று ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதின பிறகுதான் கையில் எடுக்கலாம். பொருளைவிட அது கிடந்த இடம் முக்கியம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை ஆய்வகத்தில் சோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்தது, 200 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்குக் கி.மு. 205. ஆழத்தை எழுதி வைக்காமல் அள்ளியிருந்தால் அது வெறும் கரி

அத்தை தேனி: அள்ளின மண்ணைச் சலிக்கவும் சொல், பாசிமணி தப்பிவிடும். ஓடுகளைப் பழைய பல் பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்து ஃபெவிகால் போட்டு ஒட்டட்டும், பொழுது போவதே தெரியாது

தம்பி கோவை: எங்கள் ஆபீஸ் நண்பர் ஊரில் கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை வந்திருக்கிறது, கடப்பாரையாலேயே உடைத்து அள்ளிவிட்டார்களாம்

சித்தி மதுரை: வயிறு எரிகிறது தம்பி. வேலையை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், நிஜமான பழங்கால மேட்டில் ஓடு கிடந்தால் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பையில் போடக் கூடாது

அக்கா சேலம்: சரி சித்தி, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். செம்மண்ணுக்கு எங்கே போவது?

அத்தை தேனி: நர்சரியில் மூட்டையாகவே கிடைக்கும்